கணக்கேட்டில் பெயர் இல்லாதவர்களின் எதிர்காலம்: கறுப்பின அமெரிக்க அறிவியல் புனைகதை, ஒரு விளக்கம்

2025 ஜனவரி 7 அன்று கலிபோர்னியாவின் ஆல்டடீனா நகரை ஒட்டிய மலையடிவாரத்தில் தீப் பற்றியது. 'ஈட்டன் தீ' என்று பெயரிடப்பட்ட அது அணைவதற்குள் 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில்தான் நாவலாசிரியர் ஆக்டேவியா பட்லர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1993இல் அவர் வெளியிட்ட நாவல் ஒன்று நாட்குறிப்பு வடிவில் அமைந்தது. கதை 2024 ஜூலையில், தெற்குக் கலிபோர்னியாவில் தொடங்குகிறது. 2025 பிப்ரவரி 1 என்று தேதியிட்ட பக்கம், இன்று இங்கே தீப் பிடித்தது என்ற செய்தியோடு ஆரம்பமாகிறது. இடமும் காலமும் ஏறக்குறைய பொருந்திவிட்டதால், 2006இலேயே காலமாகிவிட்ட பட்லரைப் பலரும் தீர்க்கதரிசி என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

பாராட்டாகச் சொல்லப்பட்டதுதான். ஆனால் பட்லர் வேலை செய்த விதத்தை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. அவர் செய்தித்தாள்களைக் கத்தரித்து வைத்தார். நூலகங்களில் பழைய ஆவணங்களைப் புரட்டினார். எதிர்காலம் என்று அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி, அவருடைய மக்களுக்கு ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்தவை. இது புரிய வேண்டுமானால் பட்லரை மட்டும் படித்தால் போதாது. கறுப்பின அமெரிக்கர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவரும் கற்பனைக் கதைகளின் வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. அறிவியல் புனைகதை: இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு கருவியையோ இதுவரை நடக்காத ஒரு மாற்றத்தையோ நடந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதன் விளைவுகளைக் கூடியவரை தர்க்கத்தோடு பின்தொடரும் கதை.

2. ஊகப் புனைவு: இது பெரிய குடை. அறிவியல் புனைகதை, மிகுபுனைவு, பேய்க்கதை, மாற்று வரலாறு எல்லாம் இதன் கீழ் நிற்கும். பட்லரின் 'கிண்ட்ரெட்' நாவலில் காலப்பயணம் இருந்தும், அதை அறிவியல் புனைகதை என்று சொல்ல அவர் மறுத்தார். கதையில் அறிவியலே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். நேர்மையான காரணம்.

3. ஆஃப்ரோஃபியூச்சரிசம்: மார்க் டெரி என்ற வெள்ளையின விமர்சகர் 1993இல் உருவாக்கிய சொல். கறுப்பின அமெரிக்கர்களின் வாழ்வைத் தொழில்நுட்பத்தோடும் எதிர்காலத்தோடும் இணைத்துப் பேசும் எழுத்து, இசை, ஓவியம் அனைத்தையும் அவர் இதில் அடக்கினார். நைஜீரியப் பின்னணி கொண்ட அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபர், தன் கதைகளின் மையம் அமெரிக்கா அல்ல, ஆப்பிரிக்கா என்று கூறி, 'ஆப்பிரிக்கன்ஃபியூச்சரிசம்' என்ற வேறொரு சொல்லை 2019இல் முன்வைத்தார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இன்றும் சகஜம்.

4. இரட்டைத் தன்னுணர்வு: சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் 1903இல் வெளியான தம் கட்டுரைத் தொகுப்பில் விளக்கிய கருத்து. கறுப்பின அமெரிக்கர் தம்மைத் தம் கண்ணால் மட்டும் பார்த்துக்கொள்ள முடிவதில்லை. தம்மை இளக்காரமாகப் பார்க்கும் இன்னொருவர் கண்ணாலும் கூடவே பார்த்துக்கொள்ள நேர்கிறது. அமெரிக்கராகவும் கறுப்பராகவும் ஒரே உடலில் இரண்டு பேர்.

இடையில் ஒரு சிறு செய்தி. 'கறுப்பர்' என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அச்சிடுவது என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2020இல் முடிவெடுத்தது. நிறத்தைச் சுட்டும் சொல்லை ஒரு சமூகத்தின் பெயராக ஏற்கும் முடிவு அது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. அந்தச் சண்டையின் பாதி நம் எழுத்தில் தெரியவே தெரியாது.

1870 என்னும் சுவர்

அடையாளம் பற்றிய எந்தப் பேச்சும் ஓர் எளிய கேள்வியில் தொடங்கும்: பாட்டன், பூட்டன் யார்? கறுப்பின அமெரிக்கர் ஒருவர் இந்தக் கேள்வியோடு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850, 1860 ஆகிய இரண்டு முறையும் அடிமைகளுக்கென்று தனிப் படிவம் இருந்தது. இடப்பக்கம் உரிமையாளரின் பெயர். அதற்கு நேராக ஒவ்வொரு வரியிலும் ஒரு மனிதர்: வயது, பால், நிறம். நிறத்துக்கு ஒற்றை ஆங்கில எழுத்து; கறுப்பு என்றால் ஒன்று, கலப்பு என்றால் வேறொன்று. தப்பி ஓடியவரா என்று குறிக்க ஒரு பத்தி இருந்தது. மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அடிமையின் பெயரை எழுத இடமே இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்து, 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகு நடந்த 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் முதன்முறையாகப் பெயரோடு வருகிறார்கள். குடும்ப வரலாறு தேடுபவர்கள் அந்த ஆண்டை ஒரு சுவராகவே கருதுகிறார்கள். அதற்கு அப்பால் போக வேண்டுமானால் உரிமையாளரின் கணக்கேடு, உயில், ஏல விளம்பரம் ஆகியவற்றைத் துழாவ வேண்டும். தன் முன்னோரைக் கண்டுபிடிக்க, அவர்களை விற்றவரின் காகிதங்களே வழி.

தன் கடந்த காலம் திட்டமிட்டு அழிக்கப்பட்டுவிட்ட பிறகு ஒரு சமூகம் எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடியுமா என்று 1993இல் மார்க் டெரி கேட்டது இந்தப் பின்னணியில்தான். அறிவியல் புனைகதையின் வழக்கமான சரக்குகளை இங்கே நினைத்துப் பாருங்கள்: தெரியாத கப்பலில் வந்து மனிதர்களைத் தூக்கிப்போகும் அந்நியர்கள், மொழியும் பெயரும் பறிக்கப்பட்டு வேறு உலகில் இறக்கப்படும் கைதிகள், உடலை வைத்துச் சோதனை செய்யும் மருத்துவர்கள். கடைசியாகச் சொன்னது அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்தது. சிபிலிஸ் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை அளிப்பதாக நம்பவைத்து, பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவத் துறை கவனித்துக்கொண்டிருந்தது.

ஆனால் இந்த ஒப்புமையோடு நிறுத்திக்கொண்டால், இந்த எழுத்தாளர்கள் வெறும் துயரத்தைப் பதிவு செய்தவர்கள் என்றாகிவிடும். அவர்கள் செய்தது அதைவிடத் துணிச்சலான காரியம்.

ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்ப்பது

இயந்திரம் எதனால் ஓடுகிறது என்று தெரியாவிட்டால், ஒரு திருகாணியைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். நின்றுவிட்டால் அதுதான் அச்சாணி. ஓடினால் வேறெங்கோ பார்க்க வேண்டும். இனப் பாகுபாடு என்ற இயந்திரத்தில் இந்த எழுத்தாளர்கள் ஒவ்வொருவராக ஒவ்வொரு திருகாணியைக் கழற்றினார்கள்.

(அ) மனிதர்களைக் கழற்றினால்?

டு போய்ஸ் 1920இல் வெளியிட்ட 'தி காமெட்' என்ற சிறுகதையில் ஜிம் டேவிஸ் என்பவர் நியூயார்க் வங்கி ஒன்றில் கடைநிலை ஊழியர். நிலத்தடிப் பெட்டகத்துக்குப் போய்ப் பழைய பேரேடுகளை எடுத்துவர அவரை அனுப்புகிறார்கள். மதிப்புள்ள ஆளை அங்கே அனுப்ப மாட்டார்களே. அவர் கீழே இருக்கும் நேரத்தில் வால்நட்சத்திரத்தின் நச்சுக் காற்று ஊரையே கொன்றுவிடுகிறது. 1910இல் ஹேலி வால்நட்சத்திரம் வந்தபோது அதன் வாலில் நச்சு வாயு இருப்பதாக உண்மையிலேயே பீதி கிளம்பியிருந்ததால், அன்றைய வாசகர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது.

மேலே வரும் ஜிம், பிணங்களுக்கு நடுவே நடந்து ஒரு பெரிய உணவகத்துக்குள் நுழைந்து சாப்பிடுகிறார். நேற்று என்றால் எனக்குப் பரிமாறியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். உலகமே அழிந்த வேளையில் ஒருவருக்கு அந்த நினைப்பு முந்திக்கொண்டு வருவதைக் காட்டியதில் இருக்கிறது டு போய்ஸின் கூர்மை. பிறகு ஜூலியா என்ற பணக்கார வெள்ளைப் பெண்ணைச் சந்திக்கிறார். உயிரோடு இருப்பவர்கள் நாம் இருவர் மட்டுமே என்று நம்பும் சில மணி நேரத்தில் இருவருக்கும் இடையே இருந்த நிறம் கரைந்துபோகிறது. அடுத்து வந்து சேருகிறார்கள் அவளுடைய தந்தையும் வருங்காலக் கணவனும். இறந்தது நியூயார்க் நகரம் மட்டும்தான். கூட்டம் கூடுகிறது, ஜிம்மைத் தூக்கில் போட வேண்டும் என்ற குரல் எழுகிறது, அவர் கையில் கொஞ்சம் பணம் திணிக்கப்படுகிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும் அவருடைய மனைவியின் கையில் இறந்த குழந்தை. முடிவு தெளிவாக இருக்கிறது: பார்ப்பவர்கள் இல்லாவிட்டால் இனம் இல்லை, பார்வையாளர் ஒருவர் திரும்பி வந்தாலே போதும், அது மறுபடி எழுந்து நிற்கும்.

அறிவியல் புனைகதைக்கென்றே தொடங்கப்பட்ட 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழ் வெளிவந்தது 1926இல் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கறுப்பின எழுத்தாளர்கள் இந்த வீட்டுக்குத் தாமதமாக வந்த விருந்தாளிகள் என்ற எண்ணம் தவறு. மார்ட்டின் டெலனி, அடிமைகளின் பெரும் கிளர்ச்சியைக் கற்பனை செய்து 1859இலேயே தொடர்கதை எழுதத் தொடங்கிவிட்டார்.

(ஆ) நிறத்தைக் கழற்றினால்?

வரிசையில் மிகவும் குறும்பான சோதனை இதுதான். பத்திரிகையாளர் ஜார்ஜ் ஸ்கைலர் 1931இல் 'பிளாக் நோ மோர்' நாவலை எழுதினார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் வர்ஜீனியா மாநிலம் 'இனத் தூய்மை'யைக் காக்க ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. வெள்ளையர் அல்லாத இரத்தம் ஒரு துளி இருந்தாலும் ஒருவர் வெள்ளையர் ஆகமாட்டார். ஆனால் வர்ஜீனியாவின் பழங்குடும்பங்கள் பல, பொக்கஹான்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வழித்தோன்றல்கள் என்று பெருமை பேசிவந்தவை. அவர்களுக்காகப் பதினாறில் ஒரு பங்கு பூர்வகுடி இரத்தம் மட்டும் மன்னிக்கப்பட்டது. சட்டம் எழுதியவர்களுக்கே தங்கள் வம்சாவளியைப் பற்றி உள்ளூரப் பயம் இருந்தது. ஸ்கைலர் பிடித்துக்கொண்ட இழை அதுதான்.

நாவலில் டாக்டர் ஜூனியஸ் குரூக்மன் என்ற கறுப்பின மருத்துவர் மூன்றே நாளில் கறுப்பரை வெள்ளையராக்கும் சிகிச்சையைக் கண்டுபிடிக்கிறார். கட்டணம் 50 டாலர். முதல் ஆளாக மேக்ஸ் டிஷர் போய் வெள்ளைக்காரனாகத் திரும்புகிறான். அதன் பிறகு நடப்பவற்றை ஸ்கைலர் ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானத்தோடு அடுக்குகிறார். நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெமில் தலைமுடியை நேராக்கும் கடைகள் படுத்துவிடுகின்றன. கறுப்பினத்துக்காகப் போராடும் அமைப்புகளுக்கு நன்கொடை வற்றுகிறது. அவற்றின் தலைவர்கள் வாழ்வாதாரம் இழந்து தவிக்கிறார்கள். டு போய்ஸும் ஒரு பாத்திரமாக வேறு பெயரில் வந்து நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்கிறார். மேக்ஸோ வெள்ளை இனவெறி அமைப்பு ஒன்றில் சேர்ந்து, அதன் தலைவரின் மகளையே மணந்துகொண்டு, மேடை மேடையாகக் கறுப்பர்களுக்கு எதிராக முழங்கிக் காசு பார்க்கிறான்.

தென் கரோலினாவின் ஆலை ஒன்றில் வேலைநிறுத்தம் நடக்கும் இடம் தனியாகப் படிக்க வேண்டிய பகுதி. தொழிலாளர்களின் ஒற்றுமையை உடைக்க முதலாளிகளுக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. உங்களுக்குள்ளேயே வெள்ளையாக்கப்பட்ட கறுப்பன் ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்ற வதந்தி போதுமானதாக இருக்கிறது. கூலியைப் பற்றிய பேச்சு நின்று, பக்கத்து ஆளின் முகத்தை ஆராயும் வேலை தொடங்குகிறது. ஊரில் கறுப்பரே இல்லாதபோதும் கறுப்பர் பற்றிய பயம் முதலாளிக்கு முழுச் சம்பளத்துக்கு உழைக்கிறது.

கடைசியில் ஒரு புள்ளியியலாளரின் வம்சாவளி ஆய்வில், தூய வெள்ளையர் என்று நெஞ்சை நிமிர்த்தியவர்களின் குடும்ப மரங்களிலேயே கறுப்பு வேர்கள் தென்படுகின்றன. இன்னொரு கண்டுபிடிப்பும் வெளியாகிறது: சிகிச்சை பெற்றவர்கள், பிறவி வெள்ளையர்களைவிட ஒரு படி கூடுதல் வெளுப்பு! உடனே அதிக வெளுப்பு சந்தேகத்துக்குரியதாகிறது. வெயிலில் காய்ந்து தோலைக் கறுக்க வைப்பது நாகரிகமாகிவிடுகிறது. நிறம் போன பிறகும் ஏற்றத்தாழ்வு சாகவில்லை; அளவுகோலைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டு தொடர்ந்து ஓடியது.

ஸ்கைலர் பின்னாளில் கடும் வலதுசாரியாகி, மக்கள் உரிமை இயக்கத்தையே எதிர்த்தார். அதனால் இந்த நாவல் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. ஆசிரியரைப் பிடிக்காததால் ஒரு நல்ல கேலியை இழப்பது வாசகருக்குத்தான் நட்டம்.

(இ) விலை வைத்தால்?

ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் கறுப்பினப் பேராசிரியர் டெரிக் பெல். அவர் 1992இல் வெளியிட்ட 'தி ஸ்பேஸ் டிரேடர்ஸ்' கதையில், 2000 ஜனவரி 1 அன்று விண்வெளி வணிகர்கள் அமெரிக்கக் கடற்கரையில் இறங்குகிறார்கள். நாட்டின் கடனைத் தீர்க்கத் தங்கம், மாசுபட்ட சூழலைச் சுத்தமாக்கும் வேதிப்பொருள், ஆபத்தில்லாத அணுசக்தி ஆகிய மூன்றையும் தருவார்கள். பதிலுக்கு எல்லாக் கறுப்பினக் குடிமக்களையும் ஒப்படைக்க வேண்டும். வாடிக்கையாளர்களை இழக்க நேரும் என்று வணிக நிறுவனங்கள் எதிர்க்கின்றன. அரசியல் சட்டம் திருத்தப்படுகிறது. பொது வாக்கெடுப்பில் 70க்கு 30 என்று ஒப்பந்தம் நிறைவேறுகிறது. எல்லாம் முறைப்படி, சட்டப்படி. பெல்லின் கோபம் அந்த 'முறைப்படி'யின் மீதுதான். அவர் சட்டம் கற்பித்தவர். 1857இல் உச்ச நீதிமன்றம் கறுப்பர் எவரும் அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்று தீர்ப்பளித்ததும் முறைப்படிதான் என்பது அவருக்குத் தெரியும்.

பதிப்பாளரின் மேசை

கதைக்குள் நடந்தது கதைக்கு வெளியிலும் நடந்தது. ஹார்லெமில் பிறந்த சாமுவேல் டெலனி, இருபத்தைந்து வயது முடிவதற்குள் அறிவியல் புனைகதைக்கான நெபுலா விருதைக் கையில் பிடித்துவிட்டவர். அவருடைய 'நோவா' நாவலின் விண்கலத் தலைவன் லோர்க் வான் ரேயின் தாய் செனகல் நாட்டு வழியினர். அதைத் தொடராக வெளியிடக் கேட்டபோது, 'அனலாக்' என்ற அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர் ஜான் டபிள்யூ. கேம்பல் மறுத்துவிட்டார். நாவல் நன்றாக இருக்கிறது, ஆனால் கறுப்பின நாயகனோடு எங்கள் வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம் என்று டெலனி பின்னர் எழுதியிருக்கிறார். எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, ஊர் ஒத்துக்கொள்ளாது என்ற அதே பழைய பதில். பாகுபாடு எப்போதும் அங்கே இல்லாத மூன்றாம் மனிதரின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

கேம்பலின் பெயரில் புதுமுக எழுத்தாளர்களுக்கு வழங்கப்பட்டுவந்த விருதின் பெயர் 2019இல் மாற்றப்பட்டது. பட்லரின் 'டான்' நாவலின் நாயகி கறுப்பினப் பெண். 1987இல் வந்த அதன் அட்டையில் இருந்ததோ ஒரு வெள்ளைப் பெண்.

'கிண்ட்ரெட்': காலத்தைக் கழற்றினால்?

பட்லரின் தாய் வீட்டு வேலை செய்தவர். முதலாளி வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய், தன்னைப் பற்றித் தன் முன்னாலேயே பேசப்படும் அவமானங்களைக் கேளாதவர்போல் இருந்தவர். சிறுமி பட்லருக்கு அதைப் பார்த்து வெட்கம். பிறகு கல்லூரிக் காலத்தில் அவர் அறிந்த ஓர் இளைஞர், இத்தனை காலம் அடங்கிப்போய் நம்மைப் பின்னுக்கு இழுத்த கிழடுகளைக் கொன்றால் தேவலை, ஆனால் என் பெற்றோரிலிருந்து தொடங்க வேண்டியிருக்குமே என்ற பொருளில் பேசினாராம். அந்தப் பேச்சு பட்லரை விடவில்லை. இன்றைய மனிதர் ஒருவரை, இன்றைய தன்மானத்தோடு, அடிமைக் காலத்தில் இறக்கிவிட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? முதலில் ஓர் ஆணை நாயகனாக வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து பார்த்த குற்றத்துக்கே அவனைச் சீக்கிரம் கொன்றுவிடுவார்கள், கதை நகராது. பெண்ணாக மாற்றினார். 1979இல் நாவல் வெளிவந்தது.

டானா, 26 வயது, எழுத்தாளர். கணவன் கெவின் வெள்ளையன், அவனும் எழுத்தாளன். 1976 ஜூனில் அவள் பிறந்த நாளன்று, புது வீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தலை சுற்றுகிறது. கண் விழித்தால் மேரிலாந்தில் ஓர் ஆற்றங்கரை; நீரில் மூழ்கும் ஒரு வெள்ளைச் சிறுவன். ஆண்டு 1815க்குச் சற்று முன். ரூஃபஸ் வெய்லின் என்ற அந்தச் சிறுவன் உயிராபத்தில் சிக்கும்போதெல்லாம் அவள் இழுக்கப்படுகிறாள். அவள் உயிருக்கு ஆபத்து வரும்போது திரும்பி வருகிறாள். எந்த இயந்திரமும் இல்லை, விளக்கமும் இல்லை.

ஏன் இவனை? குடும்ப பைபிளில் ஹேகர் என்ற மூதாட்டி எழுதிவைத்த பெயர்கள் டானாவுக்கு நினைவுக்கு வருகின்றன. ரூஃபஸ் அவளுடைய பூட்டன் வழி. ஆலிஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அவன் மூலம் ஹேகர் பிறந்தாக வேண்டும். அதுவரை அவன் சாகக் கூடாது. ஆலிஸ் அவனை விரும்பவில்லை என்பதும், அவளை அவன் பலவந்தப்படுத்தாமல் அந்தப் பிறப்பு நடக்காது என்பதும் போகப் போகத் தெரிகிறது. தான் பிறக்க வேண்டுமானால் தன் பாட்டிக்கு நடக்கும் கொடுமையை டானா தடுக்கக் கூடாது. 1870 சுவருக்கு அப்பால் போக வேண்டுமானால் எஜமானின் கணக்கேட்டை நம்ப வேண்டும் என்று பார்த்தோமே, அந்த நிலைமையைத்தான் பட்லர் சதையும் இரத்தமுமாக ஆக்கியிருக்கிறார்.

நாவலின் பலம் சிறிய விஷயங்களில் இருக்கிறது:

1. நவீன அறிவு அங்கே பயன்படுவதில்லை. டானா படித்தவள் என்பது பாதுகாப்பு அல்ல, ஆபத்து. சிறுவன் நைஜலுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து மாட்டிக்கொண்டதற்குச் சவுக்கடி விழுகிறது.

2. ஒரு முறை கெவினும் அவளோடு போய்விடுகிறான். அங்கே அவன் எஜமான். அவள் அவனுடைய உடைமை. மேற்கே போய் நாடு உருவாவதைப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று அவன் சொல்ல, அங்கேதான் அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு இதையே செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அவள் கசப்போடு பதில் சொல்கிறாள். ஒரே கட்டிலைப் பகிரும் இருவருக்கு ஒரே நூற்றாண்டு இரண்டாகத் தெரிகிறது. இத்தகைய திருமணங்களைத் தடைசெய்த மாநிலச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967இல். கதை நடக்கும் ஆண்டுக்கு ஒன்பதே ஆண்டுகள் முன்பு.

3. டானாவை மிகவும் அச்சுறுத்துவது சவுக்கு அல்ல. அந்த வீடு தன் வீடுபோல் ஆகிவிடுவதுதான், பழகிவிடுவதுதான். தாயின் மௌனம் கோழைத்தனம் என்று நினைத்த சிறுமி வளர்ந்து எழுதிய பதில் இது.

தோல் நிறம் பொருட்டே இல்லாத உலகில்

2015இல் தொடங்கிய என். கே. ஜெமிசினின் 'புரோக்கன் எர்த்' மூன்று நாவல்களில் அமெரிக்காவே கிடையாது. மனிதர்களில் பெரும்பாலோர் பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தவர். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே இழிவுபடுத்தப்படுபவர்கள் 'ஓரோஜீன்' எனப்படுவோர். பூமி அதிர்வை உணர்ந்து அடக்கும் ஆற்றல் அவர்களுக்குப் பிறவியிலேயே உண்டு. அவர்கள் இல்லாமல் நகரங்கள் நிற்காது. இருந்தும் அவர்கள் மனிதர்களாகக் கணக்கிடப்படுவதில்லை; அவர்களைத் திட்ட ஒரு வசைச்சொல் இருக்கிறது; பயிற்சி முடித்தவர்கள் பழைய பெயரைத் துறந்து ஏதாவது ஒரு கல்லின் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் காவலர் ஒருவர், சிறுமி ஒருத்தியின் கையை வேண்டுமென்றே முறிக்கும் காட்சி வருகிறது. வலியிலும் அவள் தன் ஆற்றலைக் கட்டுப்படுத்துகிறாளா என்று பார்க்கத்தான். உன்மேல் அன்பிருப்பதால் செய்கிறேன் என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்பதே அந்தக் காட்சியின் பயங்கரம்.

ஸ்கைலரின் முடிவு இங்கே வேறு திசையிலிருந்து உறுதியாகிறது. உழைப்பு தேவை, உழைப்பவர் மீது பயமும் இருக்கிறது என்ற நிலை எங்கே இருந்தாலும், அதற்கேற்ற ஓர் 'இனம்' கண்டுபிடிக்கப்பட்டுவிடும். மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அறிவியல் புனைகதை உலகின் ஹியூகோ விருது பெற்றன. அதற்கு முன் யாரும் இப்படிப் பெற்றதில்லை. 1953 முதல் வழங்கப்படும் அந்த விருதை நாவலுக்காகப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளரும் அவரே.

மீண்டும் அந்த 'தீர்க்கதரிசனம்'

இப்போது முதலில் பார்த்த நாவலுக்கு வரலாம். அதன் பெயர் 'பாரபிள் ஆஃப் தி சோவர்', அதாவது விதைக்கிறவன் உவமை. 1998இல் வந்த அடுத்த பாகம் தாலந்துகளின் உவமை. இரண்டிலும் பலித்ததாகச் சொல்லப்படுபவை எங்கிருந்து வந்தன?

1. இரண்டாம் பாகத்தில் வரும் மதவாத அதிபர் வேட்பாளர் ஜாரெட், அமெரிக்காவை மீண்டும் மகத்தான நாடாக்குவோம் என்கிறார். 2016 தேர்தலை பட்லர் முன்பே கண்டதாகப் பலர் வியந்தார்கள். அதே முழக்கத்தை 1980 தேர்தலில் ரொனால்ட் ரீகன் பயன்படுத்தியிருந்தார். பட்லர் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

2. முதல் பாகத்தில் ஒலிவார் என்ற ஊரை ஒரு நிறுவனம் விலைக்கு வாங்குகிறது. வீடும் பாதுகாப்பும் கிடைக்கும். ஆனால் கூலி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாது, கடன் ஏறும், கடன் தீரும்வரை வெளியேற முடியாது. நாயகி லாரனின் குடும்பம் அதை உடனே அடையாளம் காண்கிறது. 1865க்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் குத்தகை விவசாயிகளைக் கட்டிப்போட்டது இதே கடன் கணக்குதான்.

3. இரண்டாம் பாகத்தில் வீடற்றவர்களைப் பிடித்து, கழுத்தில் மின்பட்டை மாட்டி வேலை வாங்குகிறார்கள். 1865இல் மிசிசிப்பி போன்ற மாநிலங்கள், வேலையில்லாமல் திரிவதைக் குற்றமாக்கி, விடுதலை பெற்ற அடிமைகளைக் கைது செய்து கூலிக்கு விட்டன. அடிமைமுறையை ஒழித்த 13ஆம் அரசியல் சட்டத் திருத்தமே, குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் மட்டும் விலக்கு என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

4. ஊர் எரிந்த பிறகு லாரன் ஆண் வேடமிட்டு, சிறு கூட்டத்தோடு நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடக்கிறாள். தப்பிய அடிமைகள் நடந்த திசையும் வடக்குதான்.

பிரச்சினைகளை நான் கண்டுபிடிக்கவில்லை; நாம் இன்று கவனிக்காமல் விட்டவற்றுக்கு முப்பது ஆண்டு அவகாசம் கொடுத்துப் பேரழிவாக வளரவிட்டேன் என்ற பொருளில் பட்லரே 2000இல் எழுதினார். புவி வெப்பமாதல் பற்றிய எச்சரிக்கைகள் 1990களின் தொடக்கத்திலேயே செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தன. படித்தவர்கள் பலர், கத்தரித்து வைத்தவர்கள் சிலர்.

'கிண்ட்ரெட்' நாவலின் இறுதிப் பக்கங்களும் ஒரு பழைய செய்தித்தாளில்தான் முடிகின்றன. ரூஃபஸ் அவளைப் பலவந்தப்படுத்த முயலும்போது டானா கத்தியால் குத்திவிட்டுத் திரும்புகிறாள். அவன் இறுகப் பற்றியிருந்த இடத்தோடு அவளுடைய இடக்கை சுவருக்குள் சிக்கிப்போகிறது. குணமானதும் அவளும் கெவினும் மேரிலாந்து சென்று ஆவணக் காப்பகத்தில் தேடுகிறார்கள். வீடு தீப்பற்றி ரூஃபஸ் இறந்ததாக ஒரு செய்தி. பிறகு அடிமைகளை விற்பதற்கான அறிவிப்பு. அதில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. சமையல்காரி சாராவின் பெயர் இருக்கிறது. நைஜலின் மூன்று மகன்களும் இருக்கிறார்கள். நைஜலும் அவன் மனைவி கேரியும் இல்லை. ஆலிஸின் பிள்ளைகள் ஜோவும் ஹேகரும் இல்லை.